பாயில் உட்கார்ந்தவர்கள், வெளியே நின்றவர்கள்: ஃபிஜியின் தலனோவா அனுபவம்

2000ஆம் ஆண்டு மே 19ஆம் தேதி பசிபிக் தீவு நாடான ஃபிஜியின் தலைநகர் சுவாவில் நாடாளுமன்றக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, ஜார்ஜ் ஸ்பெய்ட் என்ற வியாபாரி துப்பாக்கி ஏந்திய ஆட்களுடன் உள்ளே புகுந்தார். பிரதமர் மகேந்திர சௌத்ரியும் அவரது அமைச்சர்களும் பிணைக்கைதிகளானார்கள். இந்திய வம்சாவளியினரில் அந்நாட்டின் முதல் பிரதமர் அவர். பதவியேற்று அன்றோடு ஓராண்டு நிறைந்திருந்தது. கடைசிப் பிணைக்கைதிகள் வெளியே வர 56 நாள் ஆயிற்று. அதற்குள் அரசமைப்புச் சட்டத்தை ராணுவம் ரத்து செய்துவிட்டது. முவானிவேனி போன்ற கிராமப் பகுதிகளில் இந்தியர்களின் வீடுகள் சூறையாடப்பட்டு, உடுத்திய துணியோடு ஓடிவந்த விவசாயிகள் லௌடோகா நகரின் கிர்மிட் மையத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தார்கள். சௌத்ரியின் இடத்தில் லைசெனியா கராசே என்ற வங்கியாளர் இடைக்காலப் பிரதமராக உட்கார்ந்திருந்தார்.

அந்த ஆண்டின் இறுதியில் சமரசம் பேச வந்தவர் ஐ.நா. தூதரோ ஆஸ்திரேலிய அமைச்சரோ இல்லை. சிடிவேனி ஹலாபுவா, டோங்கா தீவுக்காரர், பொருளியல் படித்தவர். ஹொனலுலுவிலுள்ள கிழக்கு-மேற்கு மையத்தில் பசிபிக் தீவுகள் வளர்ச்சித் திட்டத்தின் இயக்குநர். மேசை போட்டு, நிகழ்ச்சி நிரல் அடித்து, இரு தரப்பும் எதிரெதிரே உட்காரும் பேச்சுவார்த்தை இங்கே எடுபடாது என்பது அவர் கணிப்பு. தீவுகளில் குழந்தை முதல் கிழவர் வரை அறிந்த, கூடி உட்கார்ந்து மனம் விட்டுப் பேசும் தலனோவா மரபையே முயன்று பார்க்கலாம் என்றார்.

ஃபிஜி, டோங்கா, சமோவா எங்கும் தலனோவா உண்டு. கதை பேசுவது, துக்கம் விசாரிப்பது, ஊர்க் காரியம் முடிவு செய்வது எல்லாமே அதற்குள் வரும். பாய் விரிப்பார்கள். நடுவே தனோவா எனும் மரப் பாத்திரம். அதில் யங்கோனா: மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேரை இடித்துத் தண்ணீரில் பிசைந்து வடித்த பானம். சேற்றுநீர் நிறத்தில் இருக்கும், குடித்தால் நாக்கு மரத்துப்போகும். சாராயம்போல் ஆளைக் கொதிக்க வைக்காது; தணிய வைக்கும். வெளியூரிலிருந்து வருபவர் வேர்க்கட்டு ஒன்றைக் கொடுத்து, வந்த காரியத்தைச் சொல்லி, உட்கார அனுமதி கேட்க வேண்டும். இதற்கு செவுசெவு என்று பெயர். தேங்காய்ச் சிரட்டை கைக்கு வரும்போது ஒருமுறை கை தட்டி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மறுபடி மூன்று முறை தட்டுவார்கள். பேச்சு அப்புறம்தான். எப்போது முடியும் என்று யாரும் கேட்பதில்லை.

ஃபிஜி இந்தியர்களுக்கும் இது அந்நியமில்லை. யங்கோனாவை அவர்கள் கிராக் என்பார்கள். கரும்பு வெட்டி வந்த மாலைகளில் கிராக் குடித்துக்கொண்டு தலனோவா அடிப்பது அவர்கள் வாழ்க்கையிலும் சாதாரணம். ஆனால் அவர்கள் வழக்கில் அது பெரும்பாலும் ஊர்வம்பு. சண்டை வழக்கு தீர்க்க இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பஞ்சாயத்து தனியே இருந்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாயில் எல்லாரும் சமமாக உட்கார்வதாகச் சொன்னாலும், ஃபிஜிச் சடங்கில் முதல் சிரட்டை தலைவருக்குத்தான். யார் எங்கே உட்கார்வது, யாருக்குப் பிறகு யார் என்பதெல்லாம் பிறப்பை ஒட்டித் தீர்மானமானவை. பழைமையான உரையாடல் என்றதும் கள்ளங்கபடமற்ற சமத்துவம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்பவர்கள் இதைச் சௌகரியமாக மறந்துவிடுவார்கள்.

சரி, இவர்கள் எதைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது? இன வெறுப்பு என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அடியில் இருப்பது நிலம்.

1874 அக்டோபர் 10ஆம் தேதி ஃபிஜித் தலைவர்கள் தீவுகளை பிரிட்டனிடம் ஒப்படைத்தார்கள். மறு ஆண்டே தட்டம்மை பரவி சுமார் 40,000 பேர் மாண்டார்கள். பூர்வகுடிகள் அழிந்துபோவார்களோ என்ற அச்சம் எழுந்தது. முதல் ஆளுநர் ஆர்தர் கார்டன், அவர்களைத் தோட்ட வேலைக்கு இழுக்கக் கூடாது, அவர்கள் நிலத்தை விற்கவும் விடக் கூடாது என்று முடிவு செய்தார். நல்லெண்ணம்தான். ஆனால் காலனி தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கரும்பு வேண்டும். கரும்புக்கு ஆள் வேண்டும். 1879 மே 14ஆம் தேதி லியோனிடாஸ் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியது. 1916 வரை 60,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 'அக்ரிமென்ட்' என்ற சொல் அவர்கள் வாயில் கிர்மிட் ஆனது. அவர்கள் கிர்மிடியாக்கள் ஆனார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் அப்படிப் போனவர்களே. 1926இல் சாது குப்புசாமி தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் அங்கே பள்ளிகள் நடத்துகிறது. நண்டி நகரின் சிவசுப்பிரமணியர் கோயில் கோபுரத்தைப் பார்க்கும் நம்மூர்க்காரருக்கு ஒரு கணம் ஊர் குழம்பிப்போகும்.

கிர்மிட் முடிந்ததும் பெரும்பாலோர் அங்கேயே தங்கிவிட்டார்கள். கரும்பு பயிரிட்டார்கள். ஆனால் நிலம் அவர்களுடையது ஆகவில்லை, ஆகவும் முடியாது. நாட்டு நிலத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் மத்தங்காலி எனப்படும் பூர்வகுடி குலக் குழுக்களின் பொதுச் சொத்து. விற்க முடியாது, குத்தகைக்கு மட்டும் விடலாம். 1940 முதல் அதற்கென ஒரு வாரியம் உண்டு. 1976இல் வந்த சட்டம் குறைந்தது 30 ஆண்டுக் குத்தகைக்கு உறுதி தந்தது. அதற்கு முன்பே தொடங்கியிருந்த குத்தகைகளும் அதில் அடக்கம் என்பதால், அவை 1997இலிருந்தே ஒவ்வொன்றாக முடியத் தொடங்கின. அப்பாவும் தாத்தாவும் திருத்திய மண்ணில் கட்டிய வீட்டை விட்டு வெளியேறச் சொன்னபோது ஓர் இந்திய விவசாயிக்கு என்ன தோன்றியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அதே சட்டத்தை மறுபக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். 30 ஆண்டுகளாகக் குறைந்த வாடகைக்கு விட்ட நிலத்தைத் தன் பிள்ளைகளுக்காகத் திரும்பக் கேட்கும் உரிமை கூடவா எனக்கில்லை என்பது ஃபிஜியரின் கேள்வி. 1946 கணக்கெடுப்பில் இந்தியர்கள் எண்ணிக்கையில் அவர்களை முந்தியிருந்தார்கள். கடைகளும் வக்கீல் தொழிலும் அவர்கள் கையில். மிஞ்சியது நிலம் ஒன்றுதான்; ஓட்டும் போய்விட்டால் நிலமும் போய்விடும் என்ற பயம் வளர்ந்தது. அந்தப் பயத்தை ஊதிவிட அரசியல்வாதிகளுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன. வாக்காளர் பட்டியலே இனவாரியாகப் பிரிந்திருந்தது அவர்களுக்கு இன்னும் வசதி.

1987 ஏப்ரலில் டிமோசி பவாத்ரா தலைமையிலான கூட்டணி வென்றது. பவாத்ரா பூர்வகுடி ஃபிஜியர்தான். ஆனால் அவருக்குப் பின்னால் நின்றது இந்தியர் வாக்கு. அதுவே போதுமானதாக இருந்தது. மே 14ஆம் தேதி லெப்டினன்ட் கர்னல் சிடிவேனி ரபுகா ஆட்சியைப் பறித்தார். லியோனிடாஸ் வந்த அதே தேதி, 108 ஆண்டுகள் கழித்து. அதற்குப் பிறகு இந்தியர்கள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். 1986இல் மக்கள்தொகையில் கிட்டத்தட்ட 49 சதவீதமாக இருந்தவர்கள் 2007இல் 37.5 சதவீதம்.

தலனோவாவுக்கு முன்பே ஒரு சமரசம் நடந்திருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1990களின் நடுவில், அப்போது பிரதமராகியிருந்த அதே ரபுகாவும் இந்தியர் தரப்பின் ஜெய் ராம் ரெட்டியும் உட்கார்ந்து பேசி, 1997 அரசமைப்பைக் கொண்டுவந்தார்கள். பத்து சதவீத இடமாவது பெற்ற எந்தக் கட்சிக்கும் அமைச்சரவையில் இடம் தர அழைக்க வேண்டும் என்று அதன் 99ஆவது பிரிவு சொன்னது. 1999 தேர்தலில் இருவரும் படுதோல்வி. ரெட்டியின் கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. தலைவர்கள் ஒருவரையொருவர் நம்பத் தொடங்கியிருந்தார்கள். அந்த நம்பிக்கை கரும்புத் தோட்டத்துக்கும் மீன்பிடிக் கிராமத்துக்கும் போய்ச் சேரவே இல்லை. ஹலாபுவாவின் முயற்சிக்கு நேர்ந்ததைப் புரிந்துகொள்ள இந்தத் தோல்வியை மனதில் வைத்திருப்பது நல்லது.

ஹலாபுவா முதலில் தலைவர்களைத் தனித்தனியே சந்தித்தார். பிறகு சேர்ந்து உட்கார வைத்தார். அவர் வைத்த விதிகள் கொஞ்சம்தான். முன்நிபந்தனை கிடையாது. முன்கூட்டியே வரைந்த தீர்வு கிடையாது. சொல்வதை முழுதாகச் சொல்லலாம். குறுக்கே பேசக் கூடாது. கேட்பவர் உடனே பதில் தர வேண்டிய கட்டாயமும் இல்லை. நடத்துபவர் தீர்ப்பு சொல்ல மாட்டார். பேரம் பேசுவதில் ஒருவர் தன் கடைசி விலையை மறைத்து வைப்பார். தலனோவாவில் மறைத்து வைப்பதே தப்பு. என் பயம் இது, என் கோபம் இது என்று கொட்டிவிட்டால் எதிரில் இருப்பவர் எதிரியிலிருந்து அண்டை வீட்டுக்காரராக மாறுவார் என்பது இதன் நம்பிக்கை.

இதனால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வது அநியாயம். துப்பாக்கி முனையில் பதவி போனவரும் அதனால் பதவி பெற்றவரும் ஓர் அறையில் உட்கார்வதே 2000இல் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ரத்தான அரசமைப்பு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று 2001 மார்ச் 1ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் வந்தது, கராசே வென்றார். வென்றதும் 99ஆவது பிரிவின்படி சௌத்ரியின் தொழிற்கட்சியைச் சேர்க்க மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2003 ஜூலையில் தொழிற்கட்சிக்குச் சாதகமாக முடிந்தது. அதே காலத்தில் இரு தரப்பும் ஹலாபுவாவின் பாயிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கையில் வக்கீல் நோட்டீஸ், மறு கையில் சிரட்டை.

பேச்சின் முக்கிய விஷயம் நிலக் குத்தகை. பூர்வகுடி நிலத்தை 1976 சட்டத்திலிருந்து எடுத்து, உரிமையாளர்களுக்குச் சாதகமான வேறொரு சட்டத்தின்கீழ் கொண்டுபோக கராசே அரசு விரும்பியது. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். தொழிற்கட்சி இல்லாமல் முடியாது. சௌத்ரிக்கோ விவசாயிகள்தான் அடித்தளம். கரும்பு விவசாயிகள் சங்கத்திலிருந்து எழுந்து வந்தவர் அவர். மனம் திறந்து பேசினால் இருவரும் ஒருவர் பயத்தை மற்றவர் புரிந்துகொள்ளலாம், புரிந்துகொண்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். குத்தகை எத்தனை ஆண்டு, வாடகை எவ்வளவு, வெளியேற்றப்படுபவருக்கு யார் இழப்பீடு தருவது? இவை உணர்வால் தீரும் கணக்குகள் இல்லை. அங்கே தலனோவா மெல்ல மெல்ல வழக்கமான பேரமாக மாறியது. பேரத்துக்குரிய கருவிகள் எதுவும் அதனிடம் இல்லாததால் நின்றும் போனது. 2004இல் அமைச்சரவையில் அரசு தர முன்வந்த சிறு துறைகளை சௌத்ரி வேண்டாம் என்றுவிட்டார்.

இதற்கிடையே கராசே அரசு இன்னொரு மரபையும் கையில் எடுத்தது. பெரிய கோணல் அங்கேதான் ஏற்பட்டது என்பது என் எண்ணம். ஃபிஜியர்களிடம் மன்னிப்புக் கேட்கும் சடங்கு ஒன்று உண்டு, புலுபுலு என்பார்கள். தவறு செய்தவரின் குலத்தார் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் பல்லான தம்புவாவை ஏந்திவந்து, பாதிக்கப்பட்டவர் முன் அமர்ந்து குற்றத்தை ஒப்புக்கொள்வார்கள். பல்லை வாங்கிக்கொண்டால் விவகாரம் முடிந்தது. வாங்க மறுப்பது லேசான காரியமில்லை. கிராமத்தில் இது வேலை செய்வதற்குக் காரணம் இருக்கிறது. இருவரும் நாளையும் ஒரே கிராமத்தில் வாழப்போகிறார்கள். தவறு செய்தவருக்கு அவர் குலமே ஜாமீன். ஆனால் முவானிவேனி விவசாயிக்கு யார் குலம் ஜாமீன்? அவர் அந்தக் கிராமத்திலேயே இப்போது இல்லையே. அவரை இந்தச் சடங்குக்குள் அழைப்பது, உரையாடலுக்கு அழைப்பது போலத் தெரியும். உண்மையில் மறுக்க முடியாத ஒரு பரிசை நீட்டுவது. பெற்றுக்கொள்ளாவிட்டால் மரபை அவமதித்த பழி வேறு.

2004 அக்டோபரில் அரசு 'ஃபிஜி வாரம்' என்று ஒரு வாரம் நல்லிணக்கச் சடங்குகள் நடத்தியது. தொழிற்கட்சி வரவில்லை. அதே ஆண்டு ஆட்சிக் கவிழ்ப்பு வழக்கில் சிறை சென்ற துணை அதிபர் ஜோபே செனிலோலி சில மாதங்களிலேயே வெளியே விடப்பட்டார். 2005இல் வந்தது நல்லிணக்கம், சகிப்புத்தன்மை, ஒற்றுமை மசோதா. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு, 2000 கலகக்காரர்களுக்குப் பொதுமன்னிப்பு, இரண்டும் ஒரே மசோதாவில். எதிர்ப்பு பல திசைகளிலிருந்து வந்தாலும் மிகக் கடுமையாக எதிர்த்தவர் ராணுவத் தளபதி பிராங்க் பைனிமராமா. அவருக்குச் சொந்தக் காரணமும் இருந்தது. 2000 நவம்பர் 2ஆம் தேதி படைமுகாமில் நடந்த கலகத்தில் அவரைக் கொல்ல வந்தவர்களிடமிருந்து மரவள்ளித் தோட்டம் வழியாக ஓடித் தப்பியவர் அவர். அன்று எட்டு வீரர்கள் இறந்தார்கள். அவர்களுக்காகப் பொதுமன்னிப்பு தரும் உரிமையை கராசேக்கு யார் தந்தது?

2006 மே தேர்தலுக்குப் பிறகு எதிர்பாராத ஒன்று நடந்தது. கராசே 99ஆவது பிரிவை மதித்தார். தொழிற்கட்சியின் ஒன்பது பேர் அமைச்சர்களானார்கள். சௌத்ரி மட்டும் வெளியே இருந்தார். ஆறு ஆண்டுப் பேச்சின் பலன் என்று ஏதாவது ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்ட வேண்டும். ஏழு மாதம் தாங்கியது. டிசம்பர் 5ஆம் தேதி பைனிமராமா ஆட்சியைப் பிடித்தார். ஊழலையும் இனவாதத்தையும் துடைத்தெறிய வந்ததாகச் சொன்னார். முந்தைய கவிழ்ப்புகள் இந்தியர்களுக்கு எதிராக நடந்தவை. இது, அநேகமாக முழுக்கவே பூர்வகுடிகளைக் கொண்ட ராணுவம் பூர்வகுடித் தலைமையிலான அரசுக்கு எதிராகச் செய்தது. 2007 ஜனவரியில் அந்த ஆட்சியின் நிதியமைச்சராகப் பொறுப்பேற்றவர் மகேந்திர சௌத்ரி. 2000இல் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பலியானவர் அவர். இதற்கு மேல் என்ன சொல்ல.

தலனோவாவின் பாய் இரண்டு கட்சிகளுக்காக விரிக்கப்பட்டது. ஆனால் நாட்டில் அதிகாரம் மூன்று இடத்தில் இருந்தது, மூன்றாவது, படைமுகாம். அங்கிருந்தவர்களுக்குப் பாயில் இடமில்லை. வீடிழந்தவர்களுக்கும் இல்லை, கிராமத்துப் பெண்களுக்கும் இல்லை. இந்தியரா ஃபிஜியரா என்ற கேள்வி மட்டுமே பிளவு என்று வைத்துக்கொண்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பூர்வகுடிகளுக்குள்ளேயே தலைவர் வம்சங்களுக்கும் மாகாணங்களுக்கும் இடையே இருந்த புகைச்சல் கணக்கில் வரவில்லை. 2000இல் ஸ்பெய்ட்டின் பின்னால் நின்றவர்கள் விரட்டியது சௌத்ரியை மட்டுமில்லை. நாட்டின் முதல் பிரதமராக இருந்து பிறகு அதிபரான கமிசேசே மாராவும் அந்தக் கொந்தளிப்பில்தான் பதவியிழந்தார்.

ஒப்பிட, மன்னராட்சி நாடான டோங்கா இருக்கிறது. 2005-06இல் அங்கே அரசியல் சீர்திருத்தத்துக்கான தேசியக் குழுவில் ஹலாபுவா பணியாற்றினார். இந்த முறை தலைவர்களை ஓர் அறையில் உட்கார வைப்பதோடு நிற்கவில்லை. குழு தீவு தீவாகப் போனது. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்காவிலுள்ள டோங்கர்களிடமும் போனது. அறிக்கைக்குப் பிறகும் 2006 நவம்பரில் நுகுவாலோபா நகரின் மையப்பகுதி கலவரத்தில் எரிந்தது. ஆனாலும் 2010 தேர்தலில் மக்கள் பிரதிநிதிகள் பெரும்பான்மையானார்கள், ஹலாபுவாவே உறுப்பினரானார். ஓரின நாட்டில் மன்னரோடு பேசுவதும் இரண்டு இனங்கள் நிலத்தைப் பற்றிப் பேசுவதும் ஒன்றில்லை என்பது உண்மை. இருந்தாலும் பாயை மக்கள் இருக்கும் இடத்துக்கு எடுத்துப்போனது ஒரு வித்தியாசம்.

உலகம் இந்தச் சொல்லைக் கேள்விப்பட்டது வேறு வழியில். 2017இல் பான் நகரில் நடந்த காலநிலை மாநாட்டுக்கு ஃபிஜி தலைமை வகித்தது. 2018 முழுக்க 'தலனோவா உரையாடல்' நடந்தது. நாம் எங்கே இருக்கிறோம், எங்கே போக வேண்டும், எப்படிப் போவது என்ற மூன்று கேள்விகள். குற்றம் சாட்டாமல் பேசுவது என்ற விதி, அதிகம் புகை கக்கும் நாடுகளுக்கு எவ்வளவு இதமாக இருந்திருக்கும் என்று நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. அதை உலகுக்கு அறிமுகம் செய்த பிரதமர் பைனிமராமா.

2022 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு ரபுகா மறுபடி பிரதமரானார். 2023 மே 14ஆம் தேதி சுவாவில் மெத்தடிஸ்ட் திருச்சபை ஏற்பாடு செய்த நல்லிணக்க வழிபாட்டில், 1987 கவிழ்ப்புக்காக அவர் இந்திய வம்சாவளியினரிடம் மன்னிப்புக் கேட்டார். கிர்மிட் நாள் அந்த ஆண்டிலிருந்து தேசிய விடுமுறை. 2024 செப்டம்பரில் ஸ்பெய்ட் மன்னிக்கப்பட்டு விடுதலையானார். 2025 ஜனவரியில் உண்மை, நல்லிணக்க ஆணையம் பதவியேற்றது. அரசியல் தலைவர்களை எதிரெதிரே உட்கார வைப்பது இதன் வேலை இல்லை. அடிபட்டவர்கள் வந்து சொல்வதைக் கேட்பதே வேலை. அந்த அளவில் பழைய பிழையிலிருந்து கற்றிருக்கிறார்கள் எனலாம்.

ஆனால் 2013 அரசமைப்பின் பத்தாவது அத்தியாயம் ஆட்சிக் கவிழ்ப்பாளர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தருகிறது. அதைத் திருத்தவே முடியாதபடி எழுதிவைத்திருக்கிறார்கள். ஆணையத்தின் முன் ஒருவர் தன் வீட்டை எரித்தவரைப் பற்றிச் சொல்லலாம், ஆட்சியைப் பறித்தவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. சொல்ல வேண்டியவர்களில் எத்தனையோ பேர் இன்று ஆக்லாந்திலும் சிட்னியிலும் வான்கூவரிலும் இருக்கிறார்கள். அவர்கள் விட்டுவந்த குத்தகை நிலம் மத்தங்காலிக்கே திரும்பிவிட்டது.